கயிறும் பொடியும்

மதுரையில் பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரிலும் மின்கம்பங்களிலும் ஒட்டியிருக்கிற சின்ன நோட்டீஸ்களை நின்று படிக்கிறவர்கள் குறைவு. மூலம், பௌத்திரம், நகைக்கடன், வாடகைக்கு வீடு என்று வரிசையாக இருக்கும். அவற்றுக்கு நடுவே ஒன்று நிச்சயம் உண்டு: குடியை மறக்க இயற்கை மூலிகை மருந்து. கீழே கொட்டை எழுத்தில், குடிப்பவருக்குத் தெரியாமலேயே சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம், நிறம் மணம் சுவை எதுவும் இருக்காது என்று போட்டிருக்கும். விலாசம் கிடையாது, ஒரு செல்போன் நம்பர் மட்டும். ‘தெரியாமலேயே’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் மொத்த வியாபாரமும் நடக்கிறது. ஏனென்றால் போன் பண்ணுகிறவர் குடிக்கிற ஆள் இல்லை. அவருடைய பெண்டாட்டி, அல்லது அம்மா.

இதே ஊரில் இன்னொரு வைத்தியமும் நடக்கிறது. அதற்கு நோட்டீஸ் ஒட்ட வேண்டியதில்லை. கருப்புசாமிக்கு முன்னால், அல்லது முனியாண்டிக்கு முன்னால் போய் நின்று, இத்தனை நாளைக்குத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்து பூசாரி கையால் மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொள்வது. தர்காவில் மந்திரித்துக் கட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. மாதா கோயிலில் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறவர்களும் உண்டு.

படித்தவர்களிடம் கேட்டால் பொடி ஏதோ கொஞ்சம் மருத்துவம் மாதிரியும், கயிறு சுத்தமான மூடநம்பிக்கை மாதிரியும் தெரியும். நான் கொஞ்ச காலமாக இதை நேர்மாறாக நினைத்து வருகிறேன். கயிற்றில்தான் வைத்தியம் இருக்கிறது, பொடிதான் மந்திரம் என்று. ஏன் என்று சொல்லப் பார்க்கிறேன்.

மதுரைக்கு வடக்கே 21 கிலோமீட்டரில் அழகர்கோயில். அங்கே கோபுர வாசலில் இருக்கிற பதினெட்டாம்படிக் கருப்புக்கு உருவம் கிடையாது. சாத்திக் கிடக்கிற பெரிய கதவுதான் கருப்பு. சந்தனம் பூசி, மாலை போட்டு, அந்தக் கதவைத்தான் கும்பிடுகிறார்கள். கொடுக்கல் வாங்கல் தகராறு, வரப்புத் தகராறு, களவு என்று பஞ்சாயத்தில் முடியாத வழக்குகளெல்லாம் காலங்காலமாக அந்தப் படியில் வந்து சத்தியமாக முடிந்திருக்கின்றன. படியேறிப் பொய் சொல்ல ஆளுக்குத் துணிச்சல் வராது என்பதுதான் கணக்கு. அதாவது கருப்பு இந்தப் பக்கத்தில் வரம் கொடுக்கிற சாமி என்பதைவிட, சாட்சி நிற்கிற சாமி. சொன்ன சொல்லுக்கு ஜாமீன்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. நம் பக்கத்து ஊர்க் கருப்புகளுக்கும் முனிகளுக்கும் பல இடங்களில் சாராயமும் சுருட்டும்தான் படையல். குடிக்கிற சாமியிடம் போய்க் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்கிறார்கள். எனக்கு இது முரணாகத் தோன்றவில்லை. குடி பாவம் என்று அந்தச் சாமி ஒருநாளும் சொன்னதில்லை. அவர் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: சொன்னியே, செஞ்சியா?

குடிக்கு அடிமையான ஆளிடம் முதலில் போவது ஈரலும் இல்லை, காசும் இல்லை, பேச்சு. நாளையிலிருந்து இல்லை என்று அவன் சொன்னால் வீட்டில் யாரும் தலை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ‘அவுக பேச்சை எவன் நம்புவான்’ என்று பெண்டாட்டி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்வாள். கொஞ்ச நாளில் அவனே தன் பேச்சை நம்ப மாட்டான். தனக்குள் ஒரு முடிவு எடுக்கும்போதே அது நிற்காது என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. மனவுறுதி வேண்டும், மனசு வைத்தால் முடியும் என்று எழுதுகிற சுயமுன்னேற்றப் புத்தகங்கள் இந்த இடத்தில்தான் கைவிட்டுவிடுகின்றன. கெட்டுப்போனது எதுவோ அதையே எடுத்து மருந்தாகச் சாப்பிடச் சொல்கின்றன.

கயிறு என்ன செய்கிறது? அவன் பேச்சுக்கு வெளியிலிருந்து ஒரு ஜாமீன் கொண்டுவருகிறது. சாமி ஒருவர். பூசாரி ஒருவர். கூடப் போன மச்சான் ஒருவர். பிறகு ஊரே. சாயங்காலம் கடைப்பக்கம் போனாலும், கூட்டாளி ஒருவன் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, ‘கயிறு கட்டியிருக்கான், விட்ருங்கடா’ என்பான். நம்மூரில் ஊற்றிக்கொடுப்பதை மறுப்பது ஆளையே மறுப்பது மாதிரி. என்னடா மாப்ள பெரிய ஆளாயிட்டியா என்று கேட்பார்கள். கயிறு கட்டியவன் அந்த அவமரியாதையைச் செய்யாமலே மறுத்துவிடலாம். நட்பும் கெடாது, சத்தியமும் கெடாது.

ஆனால் எல்லோரும் சிரிக்கிற ஒரு விஷயம் உண்டு. சாகிற வரைக்கும் தொடமாட்டேன் என்று யாரும் லேசில் கட்டுவதில்லை. ஆறு மாசம், ஒரு வருஷம், மகள் கல்யாணம் முடிகிற வரைக்கும் என்று தவணை பேசுகிறார்கள். சிலர் சாமியிடம் பேரமே பேசுவார்கள், பீர் இந்தக் கணக்கில் சேராது என்று. தவணை முடிகிற அன்றைக்கு நேரே கடைக்குப் போகிற ஆட்களையும் பார்க்கலாம். ஐயப்பனுக்கு மாலை போட்டு 41 நாள் வெள்ளைத் தண்ணீர் தவிர எதுவும் குடிக்காமல் இருந்து, மலை இறங்கி மாலையைக் கழற்றிய கையோடு பாட்டிலைத் திறக்கிறவர்களை எல்லோருக்கும் தெரியும். இதெல்லாம் ஏமாற்று என்று சொல்வது சுலபம். எனக்கென்னவோ தவணையில்தான் சூட்சுமம் இருப்பதாகப் படுகிறது. 1935ல் அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்து அக்ரான் ஊரில், ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் சேர்ந்து ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இரண்டு பேரும் மொடாக்குடியர்கள். இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கிற அந்தக் கூட்டங்களில் கேட்கும் பேச்சு, இன்றைக்கு ஒரு நாள் மட்டும் குடிக்காமல் இரு, நாளையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான். ஆயுசு முழுக்க என்று நினைத்தாலே பயந்து குடிக்கத் தோன்றும் ஆளுக்கு, முடிவு தெரிகிற தூரம் வேண்டும். நம் பூசாரி ஆறு மாசம் தருகிறார், அவர்கள் ஒரு நாள் தருகிறார்கள். அவர்களும் தன்னைவிடப் பெரிய ஒரு சக்தியிடம் ஒப்படைக்கச் சொல்கிறார்கள், சக மனிதர்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறார்கள். கயிறு மட்டும்தான் இல்லை.

இயற்கை வைத்தியங்களையும் இந்தக் கணக்கில்தான் பார்க்கிறேன். நெல்லிக்காய், மோர், சுக்குக் காபி, வாயில் போட்டு அதக்க ஒரு துண்டு கருப்பட்டி. இவையெல்லாம் குடிவெறியை அறுத்துவிடும் என்று சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் எனக்குத் தெரிந்த பழைய லோடுமேன் ஒருவர் சாயங்காலம் ஆறு மணிக்குப் பருத்திப்பால் வண்டிக்குப் போய்விடுவார். ஒரு டம்ளர் வாங்கி, ஊதி ஊதி அரைமணி நேரம் குடிப்பார். இஞ்சியும் ஏலமும் கருப்பட்டியும் போட்ட அந்தக் கெட்டிப் பால் குடிக்கு மாற்று என்று எந்தச் சித்தரும் எழுதிவைக்கவில்லை. ஆசை அலை மாதிரி ஏறி இறங்கக்கூடியது. உச்சியில் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குக் கைக்கு ஒரு டம்ளரும், காலுக்குப் போக ஓர் இடமும், பேச ஒரு கடைக்காரரும் இருந்தால் பெரும்பாடு கழிந்துவிடுகிறது. ‘பருத்திப்பால்தாம்ப்பா என்னையக் காப்பாத்துச்சு’ என்பார். நான் மறுத்ததில்லை.

இனி பொடி. அதில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. ஒன்று மட்டும் சொல்லலாம். பொடி உள்ளே போன ஆள் குடித்ததும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குடம் குடமாக வாந்தியெடுத்தால், அது வெறும் மூலிகை என்று நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கும். அது டைசல்ஃபிரம் செய்கிற வேலை. 1940களில் கோபன்ஹேகனில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாகோப்சென் என்ற இருவர் குடல் புழுவுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தபோது, அந்த மாத்திரையைத் தாங்களே போட்டுப் பார்த்தார்கள். பிறகு கொஞ்சம் மது குடித்தபோது உடம்பு படுத்தியது. காரணம் எளிது. சாராயத்தை நம் ஈரல் முதலில் அசெட்டால்டிஹைடு என்ற நஞ்சாக்கி, அடுத்த படியில் அதை ஆபத்தில்லாத பொருளாக மாற்றும். மாத்திரை அந்த இரண்டாவது படியை அடைத்துவிடுகிறது. நஞ்சு தேங்குகிறது. இதயக்கோளாறு உள்ளவருக்கு இது உயிரையே வாங்கும். அதனால்தான் நோயாளிக்குத் தெரியாமல் இதைக் கொடுக்கவே கூடாது என்பது மருத்துவர்களின் கண்டிப்பான விதி.

ஆபத்தை விடுங்கள். இந்த மருந்தில் வேறொரு விசித்திரம் உண்டு. யாருக்கு நிஜ மாத்திரை, யாருக்கு வெற்று மாத்திரை என்பது சாப்பிடுகிறவருக்குத் தெரியாதபடி நடத்திய சோதனைகளில் டைசல்ஃபிரம் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. தெரிந்தே விழுங்கியவர்களிடம்தான் பலன் தெரிந்தது. அதுவும் தினமும் வீட்டிலோ மருத்துவமனையிலோ ஒருவர் கண்முன்னால் விழுங்கியவர்களிடம். காலையில் மனைவி தண்ணீர் டம்ளரோடு நிற்க, அவள் பார்க்க மாத்திரையை வாயில் போடுகிறவன் அன்றைக்கு ஒரு நாளுக்குச் சத்தியம் செய்கிறான். மருந்தே கயிறாகிவிடுகிறது. தெரியாமல் கலந்து கொடுக்கும்போது, வேலை செய்கிற பாகத்தைத் தூர எறிந்துவிட்டு வாந்தியை மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

திருக்குறளின் அதிகார வரிசையில் 93 கள்ளுண்ணாமை, 94 சூது, 95 மருந்து. கள்ளுக்கும் சூதாட்டத்துக்கும் அடுத்த வீட்டில் மருந்தைக் குடிவைத்தது தற்செயலா என்று புலவர்கள் பேசிக்கொள்ளட்டும். மருந்து அதிகாரம் முடிகிற இடத்தில் வள்ளுவர் வைத்தியத்தை நாலு பங்காகப் பிரிக்கிறார்: நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவர். நோயாளிதான் முதலில் வருகிறார். பொடி வியாபாரத்தில் நோயாளியும் இல்லை, வைத்தியனும் இல்லை. பார்த்துக்கொள்கிறவரும் ஒரு பொட்டலமும் மட்டும்தான்.

1971ல், அதாவது தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்ட அதே வருஷம், ஹாரி ஃபிராங்ஃபர்ட் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். மிருகத்துக்கும் ஆசை உண்டு, மனிதனுக்கும் உண்டு. ஆனால் தன் ஆசையைப் பற்றியே ஓர் ஆசை வைத்திருப்பவன் மனிதன் என்றார். போதைக்கு அடிமையானவர்களிலேயே ஒருவனுக்கு அந்த ஆசை தனக்குள் இருப்பதே பிடிக்கவில்லை, தோற்றுக்கொண்டே அதோடு மல்லுக்கட்டுகிறான். இன்னொருவன் ஆசை இழுத்த பக்கம் போகிறவன், அதைப் பற்றி அவனுக்கு அபிப்பிராயமே கிடையாது. வெளியில் பார்த்தால் இருவரும் ஒரே கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். முதலாமவன் முழு மனிதன் என்கிறார் ஃபிராங்ஃபர்ட். பொடி இருவருக்கும் வித்தியாசம் பார்க்காது. இரண்டு பேரையும் மாட்டுக்கு மருந்து புகட்டுகிற மாதிரிதான் நடத்தும். கயிறு முதலாமவனிடம் மட்டும்தான் பேசும், அவனைப் பேசவைக்கும்.

இதற்கு ஒரு பெரிய பரிசோதனையே நம் கண்முன் நடந்தது. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து டாஸ்மாக் கடைகள் மூடின. மே 7 அன்றைக்குச் சென்னை தவிர மற்ற இடங்களில் திறந்தன. இடையில் 43 நாள். ஐயப்பனுக்கு 41, சித்த வைத்தியத்துக்கு 48 என்று வைத்தால், அரசாங்கமே தமிழ்நாட்டுக்கு ஒரு மண்டல விரதம் இருக்க வைத்துவிட்டது. மே 7 சித்ரா பௌர்ணமி. அந்த வருஷம் அழகர் ஆற்றில் இறங்கவில்லை. வைகைக் கரையில் கூட வேண்டிய கூட்டம் வேறு இடத்தில் கூடியது. அன்று ஒரே நாளில் 170 கோடி ரூபாய்க்கு மேல் விற்பனை, மண்டல வாரியாகப் பார்த்தால் மதுரைக்குத்தான் முதலிடம். 43 நாள் ஒரு சொட்டு இல்லாமல் இருந்த உடம்புக்கு அந்த வேதனை தீர்ந்து எத்தனையோ நாள் ஆகியிருக்கும். ஆனாலும் வெயிலில் நின்றார்கள். பூட்டுப் போட்டதால் குடிக்காமல் இருந்தவனுக்குப் பூட்டைத் திறந்ததும் விரதம் முடிந்துவிடுகிறது, ஏனென்றால் அவன் விரதமே இருக்கவில்லை. நாட்களின் எண்ணிக்கை ஒன்றுதான், ஐயப்ப சாமியின் 41 நாளும் இந்த 43 நாளும் ஒன்றல்ல. மலை இறங்கியதும் குடிக்கிற சாமிகூட, தன்னால் 41 நாள் முடியும் என்பதைத் தெரிந்துகொண்டு வருகிறார். கதவடைப்பில் இருந்தவர் எதையும் தெரிந்துகொள்ளவில்லை.

கயிற்றை நான் இவ்வளவு தூக்கிப் பேசுவதால் இரண்டு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஒன்று, கயிறு ஆளைக் கொல்லவும் கூடும். தினமும் விடிந்ததிலிருந்து குடிக்கிறவர் சத்தியம் செய்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கம், வேர்வை, இரண்டாம் மூன்றாம் நாளில் வலிப்பு, இல்லாததெல்லாம் கண்ணில் தெரிகிற சன்னி என்று வரிசையாக வரலாம். சாமி குத்தம் என்று மறுபடி கோயிலுக்கே தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓட வேண்டியது பெரியாஸ்பத்திரிக்கு. அங்கே நடுக்கத்தை அடக்கும் மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். நீண்ட நாள் குடித்த உடம்பில் அந்தச் சத்து வற்றிப்போயிருக்கும், அது தெரியாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாம். அந்த ஆஸ்பத்திரிக்கு ராஜாஜி பெயர். 1937ல் சேலம் மாவட்டத்தில் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் பெயர். கேரளத்தில் அந்த ஊரடங்கின்போது டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அரசு உத்தரவே போட்டது, உயர்நீதிமன்றம் நிறுத்திவைத்தது. நிறுத்துவதும் ஒரு வைத்தியம், அதற்கும் வைத்தியர் வேண்டும்.

இரண்டாவது, கயிறு மொத்தப் பாரத்தையும் ஒற்றை ஆளின் மணிக்கட்டில் கட்டிவிடுகிறது. வருஷத்துக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் இந்தக் கடைகளிலிருந்து அரசுக்கு வருகிறது. குடி கேடு என்று பாட்டிலில் அச்சடிக்கிறதும் அதே அரசு, பகல் 12 மணிக்குக் கடை திறக்கிறதும் அதே அரசு. கட்டிட வேலைக்குப் போய்விட்டுக் கைகால் கடுக்க வருகிறவன் வீட்டுக்குப் போகிற வழியில் கடை, கருப்பு கோயிலோ 21 கிலோமீட்டர் தள்ளி. சத்தியத்தை மீறினான் என்று அவனை மட்டும் கூண்டில் ஏற்றுவது எனக்குச் சம்மதமில்லை. கருப்பு முன்னால் சத்தியம் செய்ய வேண்டியவர்கள் பட்டியல் பெரிது.

இவ்வளவும் ஆண்பிள்ளையின் சுதந்திரம், அவன் மனசு, அவன் சொல் என்றே போய்க்கொண்டிருக்கிறது. பொடி வாங்குகிறவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் தெருவில் இட்லிக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் கேட்கவைத்தார்.

அவர் வீட்டுக்காரருக்குத் தச்சு வேலை. மூன்று தடவை கயிறு கட்டி மூன்று தடவையும் மீறியவர். நாலாவது கயிறு கட்டிப் பத்து நாளில் மறுபடி ஆரம்பித்தபோது, அக்கா யாரோ சொல்லி அந்தப் பொடியை வாங்கிக் குழம்பில் கலந்திருக்கிறார். அடுத்த நாள் குடித்துவிட்டு வந்தவர் வாசலிலேயே விழுந்து, மூச்சு முட்டி, வாந்தியெடுத்து, ‘கருப்பு நெஞ்சுல ஏறி உக்காந்துட்டான்டி’ என்று கத்தியிருக்கிறார். சத்தியத்தை மீறியதற்குச் சாமி கொடுத்த தண்டனை என்று அவர் மனசில் பதிந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அபராதம் கட்டி, மன்னிப்புக் கேட்டு, புதுக் கயிறு கட்டிவந்தார். எட்டு மாசமாகத் தொடவில்லை. போகிற இடமெல்லாம் கருப்பு தன்னைத் திருத்திய கதையைச் சொல்கிறார். அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் கயிறு கட்டியிருக்கிறார்கள்.

பயந்துபோய் அக்கா அன்றைக்கே பொடியை நிறுத்திவிட்டார். என்னிடம் அவர் கேட்டது இதுதான்: ‘தம்பி, நீங்க படிச்சவுக. இதை அவுககிட்டச் சொல்லணுமா?’

என் வாதத்துக்கு இதைவிடச் சங்கடமான ஆள் கிடைக்க மாட்டார். தெரியாமல் கொடுத்தது தப்பு என்றேன், ஆள் செத்திருப்பார் என்றேன். ‘தெரியும். அன்னைக்கு ராத்திரி முழுக்க அவுக நெஞ்சுல கைய வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்’ என்றார். அதற்கு முந்தின மாசம் வாங்கிய அடியில் அவருடைய முன்கை எலும்பு விட்டிருந்தது. அவரிடம் நோயாளியின் சம்மதத்தைப் பற்றி நான் என்ன பிரசங்கம் செய்வது? அவள் சம்மதத்தை யார் கேட்டார்கள்?

எட்டு மாசக் கட்டுப்பாடு யாருடையது என்று யோசித்துப் பார்க்கிறேன். பொடி ஒரு ராத்திரிதான் வேலை செய்தது. அந்த வாந்தி வெறும் வாந்தியாக இருந்திருந்தால் கலப்படச் சரக்கு என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போயிருப்பார். கையில் கயிறு இருந்ததால் அது தண்டனை ஆயிற்று. சொன்ன சொல் என்று ஒன்று இருந்ததால்தான் அதை மீறியதற்கு அர்த்தம் வந்தது. அதற்குப் பிறகு வந்த இருநூற்றுச் சொச்சம் சாயங்காலமும் அவரே கடந்தவை. இந்த வரைக்கும் என் கட்சி நிற்கிறது. ஆனால் அஸ்திவாரத்தில் ஒரு பொய் இருக்கிறது. அதைத் தன் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி அக்கா. கருப்புக்குத் தெரியும் என்று வேண்டுமானால் சொல்லலாம், அந்தக் கதவு வாய் திறப்பதில்லை.

சொன்னால் கயிறு அறுந்துவிடலாம். சொல்லாமல் இருந்து பிறகு வேறு யார் மூலமாகவோ தெரிந்தால் கயிறோடு சேர்ந்து வீடும் அறுந்துவிடலாம். ஒரு வருஷத் தவணை முடியட்டும், அதுவரை அவர் கால் ஊன்றட்டும், பிறகு நீங்களே சொல்லுங்கள், தனியாக, சண்டை இல்லாத ஒரு நாளில், என்றேன். எனக்கே அது முழுசாகச் சரியென்று படவில்லை.

அக்கா இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். தவணை முடிந்ததும் மறுகயிறு கட்ட அவரையும் கூட வரச் சொல்லியிருக்கிறாராம் வீட்டுக்காரர், சாட்சிக்கு. ‘அந்தப் படியில நின்னுக்கிட்டு நான் எப்படித் தம்பி வாயைத் தொறக்காம இருக்கிறது?’ என்றார்.